மறதி நோயாளிகள் வழிதவறிப் போவதைத் தடுக்குமா சமூக ரோபோக்கள்?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயால் பாதிக்கப்பட்டு ஜப்பானில் 2024-ஆம் ஆண்டில் காணாமல் போனதாகப் புகார் அளிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 18,121. இவர்களில் 491 பேர் சடலமாகவே மீட்கப்பட்டதாக அந்நாட்டின் தேசிய காவல் முகமை தெரிவித்தது. இத்தகைய உயிரிழப்புகளைத் தவிர்க்க, முதியவர்களுடன் உறவாடும் ‘சமூக ரோபோக்கள்’ எந்த அளவுக்கு உதவும் என்பது முக்கியக் கேள்வியாகியுள்ளது.

ஏன் வெளியேறுகிறார்கள்?

மறதி நோயாளிகளின் அலைச்சல் பெரும்பாலும் காரணமற்றதன்று. பணி ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த ஒருவர் அலுவலகத்துக்குப் புறப்படுவதாக எண்ணிக் கிளம்பலாம். மற்றொருவர் பிறந்த வீட்டைத் தேடிச் செல்லலாம். வலி, பசி, தனிமை, கழிப்பறை எங்கே எனத் தெரியாத தவிப்பு ஆகியவையும் காரணமாகலாம். மாலை நேரத்தில் பலருக்குப் பதற்றம் அதிகரிக்கிறது. பத்தில் ஆறு நோயாளிகள் ஒருமுறையேனும் வழிதவறிப் போவதாக அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் கூறுகிறது.

ரயில் விபத்து வழக்கு

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள ஓபு நகரில் 2007-இல், மனைவி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியேறிய 91 வயது முதியவர் ரயில் மோதி உயிரிழந்தார். ரயில் சேவை பாதிக்கப்பட்டதற்கு இழப்பீடு கோரி ரயில் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. சுமார் 72 லட்சம் யென் வழங்குமாறு குடும்பத்தினருக்குக் கீழமை நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும், அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஒருவரை இரவும் பகலும் கண்காணிப்பது எவ்வளவு கடினம் என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

ரோபோ என்ன செய்யும்?

கடல்நாய்க் குட்டியின் உருவில் ஜப்பானில் வடிவமைக்கப்பட்ட ‘பாரோ’ ரோபோ, தொடுதல், ஒலி, ஒளி ஆகியவற்றை உணர்ந்து தலையசைத்துக் குரல் எழுப்பும். அமெரிக்காவில் இது 2009-இல் மருத்துவக் கருவியாக வகைப்படுத்தப்பட்டது. கதவைப் பூட்டுவதற்குப் பதிலாக, வெளியேறத் தூண்டும் பதற்றத்தைத் தணிப்பதே இதன் வழி. படுக்கையிலோ கதவிலோ உள்ள உணரிகளுடன் பேசும் ரோபோவை இணைப்பது மற்றொரு வழி. நள்ளிரவில் எழுபவரிடம் அது பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்தும். அதே வேளையில் பராமரிப்பாளரையும் எச்சரிக்கும்.

ஆய்வு கூறுவது

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 முதியோர் காப்பகங்களைச் சேர்ந்த 415 பேரிடம் பாரோ குறித்து ஆய்வு நடத்தப்பட்டது. வாரம் மூன்று முறை, தலா 15 நிமிடங்கள் என 10 வாரங்களுக்கு ஒரு பிரிவினரிடம் பாரோ வழங்கப்பட்டது. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் பகல்நேர நடை எண்ணிக்கை கூடுதலாகக் குறைந்தது. இயக்கம் நிறுத்தப்பட்ட அதே வடிவப் பொம்மையைப் பெற்றவர்களைவிட இரவுநேர நடையும் குறைந்தது.

ஆனால், நடை குறைவது எப்போதும் நன்மை ஆகாது. முதியவர்களுக்கு நடைப்பயிற்சி அவசியம். மேலும், வெளியேறும் ஒருவரை ரோபோவால் பிடித்து நிறுத்த இயலாது. பாரோவின் விலை அமெரிக்காவில் சுமார் 6,000 டாலர். உயிரற்ற ஒன்றை உயிருள்ளதாக நோயாளி நம்புவது ஏமாற்றமாகாதா, கண்காணிப்புக்கு அவரது ஒப்புதலை எவ்வாறு பெறுவது என்ற கேள்விகளும் உள்ளன.

இந்தியாவில்...

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோரைக் குடும்பத்தினரே வீட்டில் பராமரிக்கின்றனர். ரோபோக்கள் எளிதில் கிடைக்காத நிலையில், தொலைபேசி எண் பொறித்த கைவளையம், அண்மைக்காலப் புகைப்படம், விவரம் அறிந்த அண்டை வீட்டார் ஆகியவையே முதல் பாதுகாப்பு. ஒருவரைக் காணவில்லை எனில், காத்திராமல் உடனே காவல் துறைக்குத் தகவல் அளிக்க வேண்டும்.