கூடத்தில் ஒரு கொட்டகை

வீட்டுக் கூடத்தையே சினிமாக் கொட்டகையாக்கிக் கொள்ள வேண்டும் என்ற ஆசை இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. ஆசை பிறந்த மாத்திரத்தில் எல்லாரும் செய்கிற முதற் காரியம் கடைக்குப் போவதுதான். அங்கே நிற்கும் இளைஞர், "உங்கள் கூடத்தின் நீளம் எவ்வளவு? வீட்டில் யார் யார் படம் பார்ப்பார்கள்?" என்று கேட்பதில்லை. இன்ன பிராஸஸர், இத்தனை ஜிகாபைட், இன்ன கிராபிக்ஸ் கார்டு என்று பாராயணம் செய்யத் தொடங்குகிறார். பாதி புரியாமலும், புரியாத காரணத்தினாலேயே மரியாதை கொண்டும், வந்தவர்கள் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தொடங்க வேண்டும்; கம்ப்யூட்டர் கடைசியில் வரட்டும். அப்படி வந்தால், ஏதோ ஒரு காரியாலயம் கழித்துத் தள்ளிய பழைய யந்திரமே போதும் என்று தெரியவரும்.

ஆனால் இதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வேண்டியதுதானா? மாதச் சந்தா கட்டிப் புதுப் படங்கள் பார்ப்பது மட்டுமே நோக்கமானால், வேண்டியதில்லை. டெலிவிஷனில் செருகும் விரல் நீளக் கருவி ஒன்று அந்த வேலையைத் திருப்தியாகச் செய்யும். சந்தா நிறுவனங்கள் உயர்தரப் படத்தைப் பூட்டுப் போட்டே அனுப்புகின்றன. அந்தப் பூட்டுக்குரிய முதல்தரச் சாவி அந்தச் சிறு கருவிகளில் இருக்கிறது, லினக்ஸ் கம்ப்யூட்டரில் இல்லை. இந்த விஷயத்தில் மலிவான சாமானே மேலான சாமான்.

கம்ப்யூட்டர் வேண்டியிருப்பது சொந்தச் சேகரம் உள்ளவர்களுக்கு. அது யாருக்கு இல்லை? 2000-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த கல்யாணங்களில் பெரும்பாலானவை விடியோ ஸி.டி.யாகவோ டி.வி.டி.யாகவோ பீரோவின் மேல் தட்டில் உறங்குகின்றன. வீட்டில் பதிவு செய்யும் ஸி.டி.யில் விவரங்களைத் தாங்கி நிற்பது ஒரு சாயப் படலம். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது மெல்ல மெல்ல வெளுத்துப் போகிறது. ஸி.டி. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். போட்டுப் பார்த்தால் தாலி கட்டும் கட்டத்தில் நின்றுவிடும். இந்தச் சேகரத்தைப் பெயர்த்தெடுத்து ஓர் இடத்தில் வைத்து, விரும்பியபோது எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் கூடத்துக் கம்ப்யூட்டர். சினிமா அதற்கு உபரி லாபம்.

முதலில் கண்ணைக் கவனிப்போம். கூர்மையான பார்வையுள்ள மனிதர் 8 அடி தூரத்திலிருந்து பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.7 மில்லிமீட்டர். 43 அங்குல டெலிவிஷனில் 1080 வரிகள் கொண்ட படத்தின் ஒரு புள்ளி, சுமார் 0.5 மில்லிமீட்டர் அகலந்தான். 55 அங்குலத்திலுங்கூட 0.63. ஆகவே 8 அடிக்கு அப்பால் சோபாவைப் போட்டிருக்கும் வீட்டில், 4கே படத்தின் கூடுதல் புள்ளிகளைப் பார்ப்பதற்கு வேறு கண்கள் தேவை. (4கே டெலிவிஷன்களில் நிறமும் பிரகாசமும் மேலாக இருப்பதுண்டு, அது வேறு சங்கதி.) வீட்டில் இருக்கும் டெலிவிஷன் பழுதில்லாமல் இருந்தால் அதை மாற்ற வேண்டாம். ஒரு நூல்கண்டை எடுத்துச் சுவருக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அந்த அளவு பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

காதின் கதை நேர்மாறானது. டெலிவிஷன் பெட்டிகள் அப்பளம் போல் மெலிந்துகொண்டே வந்ததில் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. அது இப்போது கீழ் நோக்கியோ, பின்புறம் சுவரை நோக்கியோ பேசுகிறது. பாட்டு எப்படியோ கேட்டுவிடும், சம்பாஷணைதான் விளங்காது. வீட்டுப் பெரியவர்கள் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் எப்போதும் அவர்கள் காது அல்ல. ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுக்குப் போகட்டும். ஐந்து, ஏழு என்று ஸ்பீக்கர்களை அறை முழுதும் கட்டித் தொங்கவிடுவது பத்தடிக் கூடத்துக்கு வீண் ஆடம்பரம்.

இனிக் கம்ப்யூட்டர். படம் காட்டுவதில் அதற்கு என்ன வேலை? 1080 வரிப் படம் ஒன்றைச் சுருக்காமல் அப்படியே எழுதி வைத்தால், ஒரு விநாடிப் படத்துக்குச் சுமார் 150 மெகாபைட் வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் ஒரு டெராபைட் டிஸ்க்கிலும் அடங்காது. ஆகையால் படங்களையெல்லாம் ஒருவிதச் சுருக்கெழுத்தில் எழுதி வைக்கிறார்கள். அதைப் படித்து விரித்துச் சொல்வதுதான் யந்திரத்தின் வேலை. சுருக்கெழுத்து தெரிந்த குமாஸ்தா கடகடவென்று படித்துவிடுவார். தெரியாதவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் வியர்த்து விறுவிறுத்து எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படியே. குறிப்பிட்ட சுருக்கெழுத்தைப் படிக்கும் சுற்று ஒன்று சில்லுக்குள்ளேயே அமைந்திருந்தால், படம் சத்தமில்லாமல், சூடில்லாமல் ஓடும். ஆகவே "வேகம் எவ்வளவு?" என்பதைக் காட்டிலும் "எந்தச் சுருக்கெழுத்து தெரியும்?" என்று கேட்பதே சரி.

வழக்கில் உள்ள முறைகள் முக்கியமாக மூன்று. 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.இ.வி.ஸி.; 2018-இல் வந்த ஏ.வி.1. முதலாவது எல்லா யந்திரத்துக்கும் தெரியும். இரண்டாவது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். ஐபோன்களும் வேறு பல கைபேசிகளும் பேரக் குழந்தையின் முதல் நடையை அந்த முறையில்தான் பதிவு செய்கின்றன. இன்டெல் கம்பெனியின் ஆறாம் தலைமுறைச் சில்லுகள் இதைச் சாதாரண வகையில் படிக்கும்; ஏழாம் தலைமுறை, நிறச் செறிவு கூடிய வகையையும் சேர்த்துப் படிக்கும். மூன்றாவது முறைக்கு இவற்றில் தனிச் சுற்றுக் கிடையாது. ஆனால் 1080 வரி மட்டும் உள்ள படமானால், நான்கு மூளைகள் கொண்ட ஏழாம் தலைமுறைச் சில்லு தன் பொதுப் புத்தியைக் கொண்டே அதையும் சமாளித்துவிடுகிறது.

இங்கேதான் அதிர்ஷ்டம் நம் பக்கம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் சில்லுகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே காரியாலயங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறை யந்திரங்களைக் கூட்டங் கூட்டமாகக் கழித்துவருகின்றன. சென்னை ரிச்சித் தெரு, பம்பாய் லாமிங்டன் ரோடு, டில்லி நேரு பிளேஸ் முதலிய இடங்களில் இவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்று பெயர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் கனம். ஒரு தடித்த அகராதியின் அளவு. சில்லின் பெயரில் ஐ5 என்பதற்குப் பின் வரும் நாலிலக்க எண்ணின் முதல் இலக்கமே தலைமுறை: 7500 என்றால் ஏழு. எண்ணுக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து இருந்தால் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் வகை. நமக்கு வேண்டியது அதுவே.

வாங்கும்போது கடையிலேயே நின்று இயக்கிப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷமாவது ஓடவிட்டுக் காதை அருகில் வைத்து விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். பயாஸ் எனும் அடிப்படை அமைப்புக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். பழைய காரியாலயத்தார் போட்ட ரகசியச் சொல் அங்கே காவல் இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மின்சாரம் ஊட்டும் அடாப்டர் அதே கம்பெனியுடையதா, டெலிவிஷனில் சேர்க்க எச்.டி.எம்.ஐ. துளை உண்டா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் டிஸ்பிளே போர்ட் மட்டுமே இருக்கும். அதற்கு மாற்று இணைப்பு ஒன்று தேவை. ராம் 4 ஜிகாபைட் போதும், 8 இருந்தால் தாராளம்.

கையில் 20,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டு நான் இப்படிப் பிரிப்பேன்: ஸ்பீக்கருக்கு 6,500, யந்திரத்துக்கு 7,500, படங்களைச் சேர்த்துவைக்கும் டிஸ்க்குக்கு 5,000, ரிமோட், கம்பி வகையறாவுக்கு 1,000. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். விகிதத்தை மாற்ற வேண்டாம். வீட்டில் திரை உடைந்த பழைய லாப்டாப் இருந்தால் யந்திரச் செலவும் மிச்சம். அதில் பாட்டரி வேறு இருப்பதால், மின்சாரம் போன க்ஷணத்தில் டிஸ்க்கில் உள்ளது சிதறிப்போகும் பயமும் குறைவு.

மென்பொருளுக்குக் காலணாச் செலவில்லை. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகச் சில ஆர்வலர்கள் தொடங்கிய திட்டம், பல பெயர்கள் மாறி, 2014 முதல் 'கோடி' என்று வழங்குகிறது. அதையும் அதற்கு மட்டும் போதுமான லினக்ஸையும் ஒன்றாகக் கட்டி 2016 முதல் 'லிபர்எலெக்' என்று தருகிறார்கள். அதை ஒரு பென் டிரைவில் எழுதிக் கம்ப்யூட்டரில் செருகினால் காபி ஆறுவதற்குள் ஸ்தாபனம் ஆகிவிடும். ஆனால் யந்திரத்தின் உள் டிஸ்க்கில் முன்பிருந்தது அனைத்தும் அழிந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள். கோடியோடு எந்தப் படமும் வருவதில்லை. "ஆயிரம் சானல் இலவசம்" என்று சொல்லிப் பெட்டி விற்பவர்கள் விற்பது திருட்டுச் சரக்கு.

அமைப்புகளில் இரண்டை மட்டும் உடனே மாற்ற வேண்டும். சினிமாப் படம் விநாடிக்கு 24 சட்டங்கள் கொண்டது. திரையோ விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. 24 என்பது 60-இல் சரியாக அடங்காததால் ஒரு சட்டம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாகக் காட்டப்பட்டு, காமிரா மெல்லத் திரும்பும் இடங்களில் படம் தத்தித் தத்திப் போகும். திரையின் வேகத்தைப் படத்தின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் வசதி கோடியில் உண்டு; அதை இயக்கிவிட்டால் தத்தல் நின்றுவிடும். மற்றொன்று ஒலி. புதுப் படங்களில் சம்பாஷணை பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியே பதிவாகியிருக்கிறது. இருப்பது இரண்டே ஸ்பீக்கர் என்று யந்திரத்துக்குச் சொல்லாவிட்டால், இல்லாத நடு ஸ்பீக்கருக்குக் கதாநாயகியின் பேச்சை அனுப்பிவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று அது சும்மா இருந்துவிடும். ஒலியமைப்பில் 2.0 என்று குறித்துவிடுங்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதும் பரீட்சை இனித்தான் வருகிறது. யந்திரத்தைக் கூட்டிய பிள்ளையாண்டான் கல்லூரிக்குப் போயிருக்கும் ஒரு பிற்பகலில், அவனுடைய பாட்டி தனியாக ஒரு படத்தைப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது கொட்டகை அல்ல, அவனுடைய விளையாட்டுச் சாமான். கீபோர்டும் மௌஸும் கூடத்தில் இருக்கவே கூடாது. டெலிவிஷனின் ரிமோட் சாதாரணமாகக் கம்ப்யூட்டரை இயக்காது, ஆகையால் யு.எஸ்.பி.யில் செருகும் வாங்கியோடு வரும் தனி ரிமோட் ஒன்று வேண்டும். அதில் நான்கு அம்புகள், ஒரு 'சரி', ஒரு 'பின்னால்' இருந்தால் போதும். பொத்தான்கள் குறையக் குறைய நல்லது. கோடியின் பட்டியல்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் போய்த் திரும்பினால் யந்திரம் தானே விழித்துக்கொள்ளும்படி பயாஸில் அமைத்துவிட்டால், நாற்காலி போட்டு ஏறிப் பொத்தானைத் தேட வேண்டிய அவசியம் இராது.

நாள் முழுவதும் ஓடினால் மின்சாரம் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: சும்மா இருக்கும்போது 10 வாட் எடுக்கும் யந்திரத்துக்கு ஆண்டுக்கு 88 யூனிட். கிராபிக்ஸ் கார்டு பூட்டிய பெரிய பெட்டி 60 வாட் எடுத்தால் 525 யூனிட். கதவு சாத்திய ஷோகேஸுக்குள் மட்டும் எதையும் வைக்காதீர்கள். சூடு ஏறினால் விசிறி இரைச்சலிடும். தூசியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஊதி எடுக்க வேண்டும்.

கடைசியாக, ஸி.டி.களைப் பெயர்த்தெடுக்கும் வேலை. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினாலே போதும். 4.7 ஜிகாபைட் கொண்ட நூறு டி.வி.டி.கள் நிரம்பியிருந்தாலும் ஒரு டெராபைட் டிஸ்க்கில் பாதியைத்தான் அடைக்கும். டிஸ்க்கும் ஒரு நாள் பழுதாகும் பொருளே. ஆகையால் இன்னொரு பிரதி எடுத்து, அதை அக்காள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்துவிடுங்கள். விடியோ ஸி.டி.யில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள் மாத்திரமே. பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். அந்த மங்கலில் பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார், நாயனக்காரருக்குப் பின்னால் நின்று சிரிப்பவர் யார் என்று சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரோ இருவரோதான் மிஞ்சியிருப்பார்கள். ஒவ்வொரு பைலுக்கும் ஆண்டு, ஊர், யாருடைய கல்யாணம் என்று பெயர் எழுதும்போது, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.