பிட்சரை விற்கலாமா?

நம்ம பள்ளியில் கிரிக்கெட் பேசாத ஆளே கிடையாது. நான் மட்டும் பேஸ்பால் பேசுவேன். "அது என்ன, கில்லி மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அப்பாவின் வேலை காரணமாக ஐந்தாம் வகுப்பு வரை நான் அமெரிக்காவில், ஓக்லாண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் படித்தேன். அந்த ஊர் அணியான ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ்தான் எங்க வீட்டு அணி. அந்த அணி நிர்வாகம் நல்ல நல்ல பிட்சர்களை விற்றுக்கொண்டே இருந்தது. அது சரியா, தப்பா? இதுதான் எனக்கும் அப்பாவுக்கும் நடக்கும் பழைய சண்டை.

பிட்சர் என்றால் யார்?

கிரிக்கெட் பவுலர் ஓடி வந்து வீசுவார். பிட்சர் ஓட மாட்டார். ஒரு சின்ன மண்மேட்டில் நின்றபடியே, 60 அடி 6 அங்குலம் தள்ளியிருக்கும் தட்டை நோக்கி எறிவார். பந்து தரையில் குத்தி எழும்பாது. கையை மடக்கி எறியலாம், அம்பயர் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரே நாளில் 90, 100 பந்துகூட எறிவார். அப்புறம் அவர் தோள்பட்டைக்கு நாலைந்து நாள் ஓய்வு வேண்டும். ஆட்டமோ கிட்டத்தட்ட தினமும் உண்டு. அதனால் ஒரு அணிக்கு இப்படி ஐந்து பேர் தேவை. ஐந்தில் மூன்று பேர் பிரமாதமாக அமைந்துவிட்டால்? எதிரணிக்குப் பாதி நாளுக்கு மேல் தலைவலிதான்!

அந்த மூவர்

அத்லெட்டிக்ஸுக்கு அப்படி மூன்று பேர் அமைந்தார்கள். டிம் ஹட்சன் 2000-ல் 20 வெற்றி, மார்க் மல்டர் 2001-ல் 21 வெற்றி, பேரி ஸீட்டோ 2002-ல் 23 வெற்றி. 2002-ல் அணி தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது. அந்த வருஷம் மொத்த வீரர்களின் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் கொடுத்ததோ 12 கோடிக்கு மேல்!

ஏன் விற்கிறார்கள்?

பெரிய லீகில் ஆறு வருஷம் முடிக்கும் வரை ஒரு வீரர் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். முதல் மூன்று வருஷம் சம்பளம் குறைவு, பிறகு ஏறும். ஆறு முடிந்தால் அவர் சுதந்திரப் பறவை. பணக்கார அணி கூப்பிட்டால் போய்விடுவார். அதற்கு முன்பே அவரைக் கொடுத்துவிட்டு இளம் வீரர்களை வாங்கிப் போட்டால் சின்ன அணி பிழைக்கும். அப்போது அணி மேலாளராக இருந்த பில்லி பீன் செய்தது இதைத்தான். 2004 டிசம்பரில், மூன்றே நாளுக்குள், ஹட்சன் அட்லாண்டாவுக்கும் மல்டர் செயின்ட் லூயிஸுக்கும் போய்விட்டார்கள். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லையாம்.

என்னைக் கேட்டால், மல்டரைக் கொடுத்தது சரி. கொஞ்ச நாளிலேயே அவர் தோள்பட்டை கெட்டுப்போனது. பதிலுக்கு வந்த டான் ஹேரன் நல்ல பிட்சர். 2006-ல் அணி அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்று வரை போனது. ஹட்சனைக் கொடுத்ததுதான் தப்பு. அவர் 2015 வரை ஆடி, மொத்தம் 222 வெற்றி எடுத்தார். அவருக்குப் பதிலாக வந்த மூன்று பேரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "மனுஷனைப் பார்த்து முடிவு பண்ணணும், கணக்கை மட்டும் பார்த்து இல்லை" என்பது அப்பா கட்சி. "கணக்கு பார்க்காட்டி 2006 ஏதுப்பா?" என்பது என் கட்சி.

2022-ல் நடந்தது வேற

2021-ல் 86 ஆட்டம் ஜெயித்த அணி அது. அடுத்த வருஷமே பாசிட், மனாயா, மோன்டாஸ் என்று மூன்று பிட்சர்களையும், ஓல்சன், சாப்மன் என்ற இரண்டு பேட்டர்களையும் கொடுத்துவிட்டார்கள். 2022-ல் 102 தோல்வி. 2023-ல் 112 தோல்வி! அந்த 2023-லேயே லாஸ் வேகாஸுக்குக் குடிபோகும் திட்டமும் வெளியே வந்தது. 2004-ல் அடுத்த அணியைக் கட்டுவதற்காக விற்றார்கள். 2022-ல் மூட்டை கட்டுவதற்காக விற்றார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டையே இல்லை.

2023 ஜூன் 13 அன்று 27,759 ரசிகர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். நிறைய பேர் போட்டிருந்த பச்சைச் சட்டையில் ஒரே ஒரு வார்த்தை: 'விற்றுவிடு'. வீரர்களை இல்லீங்க, அணியையே! உரிமையாளர் வேறு ஆளுக்கு விற்றால், ஊரிலேயே அணி இருக்கும் என்ற ஆசை. நடக்கவில்லை.

2015 செப்டம்பர் 26 அன்று அதே மைதானத்தில் ஸீட்டோவும் ஹட்சனும் எதிரெதிர் அணியில் பந்து எறிந்தார்கள். மல்டரும் வந்திருந்தார். நான் ஒன்றாம் வகுப்பு. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டியபோது ஒன்றும் தெரியாததால் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். சரியாக ஒன்பது வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 26-ல், அங்கே கடைசி ஆட்டம். நமக்கு ராத்திரி ஒரு மணிக்கு மேல். அம்மாவுக்குத் தெரியாமல் நானும் அப்பாவும் போனில் பார்த்தோம். 3-2 என்று ஜெயித்தோம். ஜெயித்தும் அழுதது அன்றைக்கு மட்டும்தான். 2025 முதல் அணி வெஸ்ட் சாக்ரமென்டோவில் ஆடுகிறது. பெயரில் ஓக்லாண்ட் இல்லை.

அன்று கடைசியாகப் பந்து எறிந்தவர் மேசன் மில்லர். 2025 ஜூலையில் அவரையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. நிர்வாகத்தைத் திட்டுகிற ரசிகர் இன்னும் ரசிகர்தான். அப்பா திட்டவே இல்லையே!