மலைக்கோட்டையா, கழுக்குன்றமா?

மலையைக் கண்டால் கைகூப்புவது நம் மரபு. அதன் மேல் ஏறிச் சென்று தொழுவது பெரும் பேறு. ஆயினும் எழுபது வயதைக் கடந்தபின், மனம் ஏறும் வேகத்தில் கால்கள் ஏறுவதில்லை. தம்பதியருள் ஒருவர் படியேற வல்லவராகவும், மற்றவர் முழங்கால் வலியால் தளர்ந்தவராகவும் இருப்பதுண்டு. அத்தகையோர் இவ்வாண்டு ஒரு மலைக்கோயிலுக்கு மட்டுமே செல்ல இயலும் என்னும் நிலையில், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, திருக்கழுக்குன்றம் ஆகிய இரண்டனுள் எதனைத் தேர்வது?

பெருமையால் இதனை முடிவு செய்ய இயலாது. இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள். இரண்டிலும் பல்லவர் குடைவித்த குகைக் கோயில்கள் உள்ளன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அடியார்களின் பாதங்கள் பட்ட மலைகள் இவை. ஆகவே பக்தர்கள் தம் உடல்நிலையையும் மலைகளின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

தாயுமானவர் வீற்றிருக்கும் மலை

திருச்சி மலையின் உயரம் சுமார் 83 மீட்டர். உச்சிவரை 400க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுமலையில் மட்டுவார்குழலி உடனுறை தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார் என மூன்று நிலைகளில் தரிசனம் அமைந்துள்ளது. இந்த அமைப்பே முதியோருக்குப் பேருதவி. நடுமலைவரை செல்லும் படிவழி பாறையைக் குடைந்தும் மேற்கூரையுடனும் அமைந்திருப்பதால் வெயில் அவ்வளவாகத் தாக்குவதில்லை. அதற்கு மேல், உச்சியை நெருங்கும் பகுதி திறந்த பாறை.

காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் வந்து சேர முடியாமல் தவித்த கர்ப்பிணி ரத்னாவதிக்கு, இறைவனே தாயின் உருவில் வந்து பேறுகாலம் பார்த்தார் என்பது தலவரலாறு. சுகப்பிரசவம் வேண்டி இங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. வீட்டில் மகளோ மருமகளோ கருவுற்றிருந்தால், தாத்தா பாட்டியாகப் போகிறவர்களின் கால்கள் தாமாகவே இம்மலையை நாடும்.

தாயுமானவர் சந்நிதியைக் கடந்து உச்சிக்குச் செல்லும் வழியில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் உள்ளது. கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதரர் சிற்பத்தின் முன் சற்று நேரம் நின்று வணங்கலாம்; அது மூச்சு வாங்குவோருக்கு ஓய்வாகவும் அமையும்.

வேதமே மலையான தலம்

திருக்கழுக்குன்றம் செங்கற்பட்டிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ளது. நான்கு வேதங்களும் மலை வடிவாயின என்பது ஐதிகம். மலைமேல் வேதகிரீஸ்வரர் எழுந்தருளியுள்ளார். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரும் பாடிய தலம் இது. உச்சிவேளையில் இரு கழுகுகள் வந்து அமுதுண்ட காட்சியை மூத்த பக்தர்கள் பலர் நேரில் கண்டிருப்பர். அக்கழுகுகள் வருகை நின்று ஆண்டுகள் பலவாகின்றன. அதனை எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைய வேண்டாம்.

500க்கும் மேற்பட்ட படிகள். திருச்சியைப் போல் நடுவில் பெரிய சந்நிதி கிடையாது. ஏறத் தொடங்கினால் மேலே சென்றால்தான் மூலவர் தரிசனம். இறங்கும் வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபத்தைக் காணலாம்.

ஆனால் மலை ஏற முடியாதவருக்கு இத்தலம் வைத்திருக்கும் கொடை வேறு. அடிவாரத்து ஊரின் நடுவே பக்தவத்சலேஸ்வரரும் திரிபுரசுந்தரி அம்பாளும் அருளும் பெரிய தாழக்கோயில் உள்ளது. மேலே செல்ல இயலாதவர் கடையோரத்தில் செருப்பைக் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அதே சிவபெருமானை நிழலில் அமர்ந்து நிதானமாகத் தரிசிக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றுவதாகப் போற்றப்படும் சங்கு தீர்த்தமும் அருகிலேயே உள்ளது.

இத்தலத்துச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று எண்ணி மகிழத்தக்கது. ஸ்கந்தசிஷ்யன் என்னும் பழைய மன்னன் இறைவனுக்கு அளித்த நிலக்கொடையை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்தான். பின்னர் ஆட்சிக்கு வந்த ஆதித்த சோழனும் அதனை உறுதி செய்தான். அரசுகள் மாறினும் ஆண்டவனுக்குக் கொடுத்த வாக்கு மாறவில்லை.

எதனைத் தேர்வது?

இருவரும் மெல்ல மெல்லவேனும் படியேறக் கூடியவர்களாயின், திருச்சியே உகந்தது. நடுமலைவரை இருவரும் சேர்ந்து செல்லலாம். உச்சிவரை ஏற இயலாவிடினும் தாயுமானவரைக் கண்ட நிறைவு மிஞ்சும். மறுநாள் படியேற்றம் இன்றி ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவலையும் தரிசிக்கலாம்.

ஒருவரால் படியேறவே இயலாது என்றால், திருக்கழுக்குன்றமே சிறந்தது. திருச்சியில் அவர் மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டுக் காத்திருக்க நேரும். இங்கோ ஒருவர் மலையிலும் மற்றவர் தாழக்கோயிலிலும் ஒரே வேளையில் சிவதரிசனம் பெறுவர். பிரசாதத்தையும் பரிமாறிக்கொள்ளலாம்.

எந்த மலையாயினும் வெயிலுக்கு முன் ஏறுவது நலம். மலைக்கோயில்களின் நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் படியில் கால் வைக்கலாகாது. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஏற முடியாதவர், துணையின் ஆவலைத் தடுக்கக் கூடாது. ஏற வல்லவர், "உங்களால்தான் தாமதம்" என்று ஒரு சொல்லும் உதிர்க்கக் கூடாது. அவ்வாறு மனம் நோகாமல் சென்று வருவதும் வழிபாட்டின் ஓர் அங்கமே. மலைமேல் இருப்பவனே அடிவாரத்திலும் இருக்கிறான்.