ஆற்றங்கரைப் பலகையும் அறிக்கையிடும் நினைவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் செல்வோர் அடிக்கடி காண்பவை வரலாற்றுப் பலகைகள். கம்பத்தின்மீது உலோகத்தில் வார்க்கப்பட்ட பலகையில் சில வரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ன இடத்தில் இன்ன போர் நிகழ்ந்தது, இன்னார் பிறந்தார் என அவை அறிவிக்கும். வெர்ஜீனியா மாநிலம் 1927இல் மோட்டார் வண்டிப் பயணிகளைக் கருதி இவற்றை ஒழுங்குமுறையாக நாட்டத் தொடங்கியது. பின்னர் பிற மாநிலங்கள் பலவற்றிலும் இம்முறை பரவியது.

இப்பலகைகள் சுருங்கச் சொல்ல வேண்டியவை. சொற்கள் சுருங்கும்போது பெரும்பாலும் எழுவாயே முதலில் மறைகிறது. 'கொல்லப்பட்டான்' என்று எழுதிவிட்டால், கொன்றவன் யாரெனக் கேட்க வழிப்போக்கனுக்குத் தோன்றுவதில்லை. எனவே ஒரு பலகை எதைச் சொல்கிறது என்பதோடு, யாரைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் நோக்கற்பாலது. இதனை விளக்க மிசிசிப்பி மாநிலத்தின் டாலஹாச்சி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம்.

சிக்காகோவிலிருந்து உறவினரைக் காண வந்திருந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், கடைக்கார வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் முறைதவறி நடந்தான் என்னும் குற்றச்சாட்டின்பேரில், 1955 ஆகஸ்டு 28 அன்று இரவில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். பஞ்சாலை விசிறியொன்று முள்கம்பியால் கழுத்தில் கட்டப்பட்ட நிலையில், மூன்றாம் நாள் அவனுடல் டாலஹாச்சி ஆற்றில் கிடைத்தது. அவன் தங்கியிருந்த வீடு மோஸ் ரைட் என்பவருடையது. அவர் குத்தகை விவசாயி, போதகருங்கூட. நீதிமன்றத்தில் எழுந்து நின்று, கடத்தி வந்தவரை விரல் நீட்டிக் காட்டினார் அவர். அந்நாளைய மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையருக்கு எதிராக இவ்வாறு சாட்சி பகர்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். வெள்ளையர் பன்னிருவர் அடங்கிய நடுவர் குழு ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகக் கூடிப் பேசி, ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் ஆகிய இருவரையும் விடுதலை செய்தது. 1956 சனவரியில் ஓர் இதழில் அவ்விருவரின் ஒப்புதல் வெளியாயிற்று. ஏற்கெனவே விடுதலை பெற்றுவிட்டமையால் சட்டம் அவர்களை மீண்டும் தொடவில்லை.

இதன்பின் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அவ்வட்டாரச் சாலைகளில் இச்சிறுவனை நினைவூட்டும் ஒரு பலகையும் இல்லை. விசாரணை நடந்த சம்னர் நீதிமன்ற வளாகத்திலோ, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படைவீரர்களுக்கு 1913 முதலே நினைவுத்தூண் நின்றது! 2007இல்தான் அங்கே வரலாற்றுப் பலகை நாட்டப்பட்டது. விடுவிக்கப்பட்ட இருவரின் பெயரும், அவர்கள் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அதில் உள்ளன. இங்கு எழுவாய் மறையவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று, கறுப்பினத்தாரும் வெள்ளையரும் சேர்ந்தமைந்த நினைவுக் குழுவினர் நீதிமன்றத்தின்முன் நின்று, சிறுவனின் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவிக்கும் அறிக்கையை வாசித்தனர். தீர்க்கதரிசிகளுக்குக் கல்லறை கட்டி, 'நாங்கள் அந்நாளில் இருந்திருந்தால் உடன்பட்டிரோம்' என்று சொல்லிக்கொண்டவர்களை ஆண்டவர் கண்டித்ததை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சம்னர் அறிக்கை அவ்வாறு விலகி நிற்கவில்லை என்பதே அதன் சிறப்பு என நாம் கருதுகிறோம்.

உடல் எடுக்கப்பட்ட இடமெனக் கருதப்படும் கிரேபால் துறையில் 2008இல் வேறொரு பலகை நாட்டப்பட்டது. (சரியான இடம் அதுதானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.) அது அவ்வாண்டே பிடுங்கி ஆற்றில் எறியப்பட்டது. யோர்தானின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டிய வரலாற்றை நாம் நன்கறிவோம். அங்கே நினைவு ஆற்றிலிருந்து கரைக்கு வந்தது. இங்கோ கரையிலிருந்து ஆற்றுக்குத் தள்ளப்பட்டது. இரண்டாம் பலகையில் 317 துப்பாக்கிக் குண்டுத் துளைகள் எண்ணப்பட்டன. 2018 சூனில் நாட்டிய மூன்றாவது பலகை 35 நாள்களுக்குள் சுடப்பட்டது. 2019 அக்டோபரில் குண்டு துளைக்காத எஃகினால், 225 கிலோவுக்கும் மேற்பட்ட எடையில் நான்காவது நிறுவப்பட்டது. துளையுண்ட இரண்டாம் பலகை 2021இல் வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதில் எழுதியவர்கள் சொன்னதைவிடச் சுட்டவர்கள் சொன்னதே மிகுதி எனலாம். கில்காலிலும் கற்கள் தாமாகப் பேசவில்லை. பிள்ளைகள் கேட்கையில் பெற்றோர் விடைசொல்ல வேண்டியிருந்தது.

விடைசொல்லும் பொறுப்பை இவ்வரலாற்றில் முதலில் ஏற்றவர் தாய் மாமி டில். மிசிசிப்பி அதிகாரிகள் உடலை உடனே அங்கேயே புதைத்துவிட முனைந்தனர், குழியும் தோண்டப்பட்டது. அவர் அதைத் தடுத்து, உடலைச் சிக்காகோவுக்குக் கொண்டுவரச் செய்தார். ராபர்ட்ஸ் டெம்பிள் ஆலயத்தில் பெட்டியை மூடாமல் வைத்து, சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் என்றார். பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். 2023 சூலை 25 அன்று அமெரிக்க அரசு தாய், மகன் இருவர் பெயராலும் அறிவித்த தேசிய நினைவிடம் மூன்று இடங்களைக் கொண்டது: கிரேபால் துறை, சம்னர் நீதிமன்றம், பெட்டி திறந்துவைக்கப்பட்ட அந்த ஆலயம்.