நண்பர் வீட்டு மணமும் நாமும்



உறவினர் வீட்டுத் திருமண அழைப்பு வந்தால் நமக்கு யாதொரு தயக்கமும் உண்டாவதில்லை. எப்பொழுது செல்வது, எங்கே அமர்வது, எப்பொழுது எழுவது என்பனவெல்லாம் சிறு வயது முதற் கண்டு பழகியவை. ஆயின், வேற்றுச் சமயத்தவரான நண்பர் ஒருவர் அழைப்பிதழோடு நம் வாயிலில் வந்து நின்றால் உள்ளத்தில் ஒரு கலக்கம் தோன்றுகின்றது. அங்கே என்ன செய்வார்கள்? நாம் என்ன செய்ய வேண்டும்? தவறாக ஏதேனும் செய்து நகைப்புக்கு இடமாகிவிடுவோமோ? இவ்வாறெல்லாம் எண்ணி, அன்பளிப்பை வேறொருவர் கையிற் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் நின்றுவிடுவோர் பலர். இதற்குக் காரணம் பெரும்பாலும் வெறுப்பன்று, அறியாமையே. அவ்வறியாமையைச் சிறிது போக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இலங்கையில் இந்துக்கள், பௌத்தர்கள், இஸ்லாமியர், கிறித்தவர் ஆகிய நாற்சமயத்தாரின் மணமுறைகளும் தம்முள் வேறுபட்டவை. எனினும் அவையனைத்திலும் பொதுவாக ஒன்று உண்டு. மணம் என்பது இருவர் தனியே செய்துகொள்ளும் காரியமன்று. ஒரு சபை அதைக் காணவேண்டும். அச்சபையில் ஒருவராகவே நாம் அழைக்கப்படுகின்றோம்.

முதலில் யாழ்ப்பாணத்து இந்துத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். தாலிக்குரிய பொன்னை உருக்கும் பொன்னுருக்கலும், முருக்கங்கொம்பு நாட்டும் கன்னிக்காலும் மணநாளுக்கு முன்னரே நிறைவேறும். மணநாளில் தாலியையும் கூறைச்சேலையையும் ஒரு தட்டத்தில் வைத்துச் சபையோரிடம் கொண்டு வருவார்கள். அதைத் தொட்டு வாழ்த்துவது விருந்தினர் கடமை. இந்துவல்லாத நண்பரும் தயக்கமின்றித் தொடலாம். தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்குவது, தும்மல் முதலிய தீய சகுன ஒலிகள் மணமக்கள் செவியில் விழாதிருத்தற் பொருட்டேயாம். பின்னர்ப் பெரியோர் அறுகரிசி இட்டு ஆசி கூறுவர்.

சிங்கள பௌத்தர்களின் மணத்தில் நடுநாயகமாக விளங்குவது ‘போருவ’ எனப்படும் அலங்கரித்த மேடை. நாம் முகூர்த்தம் என்பதை அவர்கள் ‘நெகத்’ என்பர். அந்நேரத்தில் மணமக்கள் வலக்காலை முன்வைத்து மேடையில் ஏறுவர். வெற்றிலை கொடுத்து மூத்தோரைக் கனம்பண்ணுவர். மணமகளின் தாய்க்கு மணமகன் ஒரு வெண்ணிறத் துணியை அளிப்பான். அவள் ஊட்டிய பாலுக்கு அது நன்றி. மணமக்களின் சிறுவிரல்களை நூலாற் பிணைத்து, கெண்டியிலிருந்து நீர் வார்ப்பார்கள். இதைச் செய்பவர் வழக்கமாக மணமகளின் தாய்மாமன். சிறுமியர் வெண்ணுடை அணிந்து பாளி மொழியில் ஜயமங்கல காதைகளைப் பாடுவர். பிக்குமார் இச்சடங்கை நடத்தி வைப்பதில்லை என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அவர்களின் ஆசியை மணமக்கள் வேறாகப் பெற்றுக்கொள்வர். நெகத் நேரம் எவருக்காகவும் காத்திராதாகையால், விருந்தினர் அதற்கு முன்னரே சென்று சேர்தல் வேண்டும்.

இஸ்லாமியரின் நிக்காஹ் ஓர் ஒப்பந்தமாகும். மணமகளின் சார்பில் அவளுடைய ‘வலி’, பெரும்பாலும் தந்தை, பேசுவார். இரு சாட்சிகள் முன்னிலையில் ஒரு பக்கத்தார் கூற, மற்றப் பக்கத்தார் ஏற்பர். மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் ‘மஹர்’ அவளுக்கே உரிய சொத்து. ஆண்களும் பெண்களும் வேறு வேறாக அமர்வதால், தம்பதியராகச் செல்வோர் வாயிலிற் பிரிய நேரிடும். அதற்காக மனஞ்சுருங்க வேண்டியதில்லை. மணத்தையொட்டி மணமகன் வீட்டார் அளிக்கும் விருந்து ‘வலீமா’ எனப்படும். இவ்விருந்துகளிற் பெரும்பாலும் ‘சஹன்’ என்னும் பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து ஒன்றாக உண்பர். மரக்கறி உண்ணும் நண்பருக்கென வேறு பாத்திரத்திற் சமைத்து வைக்கும் முஸ்லிம் வீடுகள் பல உண்டு.

கத்தோலிக்கர் மணத்துக்கு முன்னே மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ‘ஓலை’ வாசித்து, தடை ஏதும் அறிந்தோர் உண்டாயின் தெரிவிக்கக் கேட்பர். மணமக்களே ஒருவருக்கொருவர் சம்மதம் கூறி அத்திருவருட்சாதனத்தை நிறைவேற்றுகின்றனர் என்பதும், குருவானவர் திருச்சபையின் சாட்சியாக நிற்கின்றார் என்பதும் மேற்குத் திருச்சபையின் போதனை. தமிழ்க் கிறித்தவர் பலர் மோதிரத்தோடு தாலியும் அணிவிப்பர். அதிற் சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். எல்லாரும் எழும்போது நாமும் எழுவது மரியாதை. ஆயின் நற்கருணை வழங்கும்போது பிற சமயத்தார் வரிசையிற் செல்லாது தம் இடத்திலேயே இருத்தல் வேண்டும். அது நம்மை விலக்குவதாகாது. அவர்கள் புனிதமெனக் கொள்வதை நாம் மதிப்பதாகும்.

இனி, சமயங்கடந்த வழக்கங்களும் உண்டு. கிழக்கு மாகாணத்திலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்துள்ளனர். இரு சாராரிடையேயும் வீடு பெண்ணுக்கே சீதனமாகச் செல்லும். மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே குடியேறுவான். அரசாங்கமும் சாட்சியின்றி மணத்தைப் பதிவதில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதிவாளர் முன்னிலையில் இரு சாட்சிகள் கையொப்பமிடல் வேண்டும்.

‘பிறர் சடங்கில் அமர்ந்தால் நம் சமயத்துக்கு மாறாகாதா?’ என்று கேட்போர் உண்டு. வழிபடுதல் வேறு, உடனிருத்தல் வேறு. நண்பர் நம்மிடம் வேண்டுவது உடனிருத்தலை மட்டுமே. அதை மறுத்தவன் என்ன இழப்பான் என்பதை நான் அறிவேன்.

என் மாணவப் பருவத்தில் யாழ்ப்பாணம் சோனகதெருவில் எனக்கொரு நண்பன் இருந்தான். 1990ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவனுடைய தமக்கைக்குத் திருமணம் நடந்தது. சென்றேன். சஹன் வைத்து அழைத்தபோது, வயிற்றுவலி என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன். உணவு எனக்கு ஒவ்வாததன்று; பிறரோடு ஒரே தட்டத்திற் கையிடுவதே ஒவ்வாதிருந்தது. நண்பனின் தாயார் ஒன்றுங் கேளாமல் இரண்டு கதலிப்பழங்களைக் கையிற் கொடுத்தனுப்பினார். பொய் அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கிற்று. பிறகொரு நாள் சென்று ஈடு செய்வேன் என்று எண்ணியிருந்தேன்.

அந்தப் பிறகொரு நாள் வரவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. என் நண்பனின் குடும்பமும் சென்றது. விடைபெறவும் இயலவில்லை. தடுக்க எங்களால் இயலாதிருந்தது என்பது உண்மை. அச்சோற்றை உண்ண இயலாதிருந்தது என்பதோ உண்மையன்று. அவ்வெண்ணம் பல ஆண்டுகள் என்னை வருத்திற்று.

2002ஆம் ஆண்டு சமாதான காலத்தில் கண்டி வீதி திறந்தது. அடுத்த ஆண்டு, புத்தளத்திலிருந்து நண்பனின் திருமண அழைப்பிதழ் எனக்கு வந்தது. ஒருநாட் பயணஞ் செய்து சென்றேன். ஓலைக் கொட்டகையின் கீழ்ப் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஆறுபேருள் ஒருவனாக அமர்ந்து வயிறார உண்டேன். கைகழுவி எழும்போது, பெண்கள் பக்கத்து வாயிலில் அத்தாயார் நின்றார். முகத்திற் சிரிப்போடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“இண்டைக்கு வயித்துக்கு ஒண்டுமில்லையோ, தம்பி?”

நேயர்களே, நண்பர் வீட்டு வழக்கம் தெரியாதாயின் நண்பரையே கேட்டறியுங்கள்; அவர் மகிழ்ந்து சொல்லுவார். உணவில் உங்களுக்கு விலக்கு உண்டாயின் முன்கூட்டியே உண்மையைக் கூறுங்கள். செய்யுஞ் சிறு பிழைகளை எந்த மணவீடும் பொறுத்துக்கொள்ளும். வராதவர் இடம் மட்டும் வெறுமையாகவே இருக்கும். அடுத்த அழைப்பு வரும்போது போய் வாருங்கள்.