பன்னீர்த் திராட்சைப் பந்தலின்கீழ்

வலியசாலைக்கு அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில், கருநீல நிறத்தில் கொத்துக் கொத்தாக அடுக்கப்பட்ட விதையுள்ள திராட்சையை நீங்கள் கண்டிருப்பீர்கள். நறுமணமுடைய அதனைப் பன்னீர்த் திராட்சை என்பர். ஐரோப்பிய நாடுகளில் திராட்சைக் கொடி ஆண்டுக்கு ஒருமுறையே பழம் தருகிறது. நம் கடைத்தெருவிலோ அது பல மாதங்களிலும் கிடைக்கிறது. காரணம் என்ன? விடையைக் காணத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் சிறிது நடந்து வருவோம்.

நம் நடை மலையுச்சியில் தொடங்குகிறது. தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில், குமுளிக்கு அருகே, மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்கள் அங்குச் சென்று வழிபடுவர். கேரளத்தார் குமுளி வழியாகவும், தமிழ்நாட்டார் பலர் பளியன்குடி வழியாக நடந்தும் மலையேறுவர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் இதுவே என்பது மரபு. அங்கிருந்து கிழக்கே நோக்கினால் பள்ளத்தாக்கு முழுவதும் பசுமையாய் விரிந்து கிடக்கும்.

அப்பசுமை மழையால் மட்டும் வந்ததன்று. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பதால், கிழக்குச் சரிவில் மழை குறைவு. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் குறுக்கே, பொறியாளர் பென்னிகுவிக் பொறுப்பில் கட்டப்பட்ட அணை 1895-ஆம் ஆண்டு நிறைவுற்றது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே அந்நீர் கிழக்கே திரும்பியது. வறண்ட நிலம் கழனியாகவும் தோட்டமாகவும் மாறியது.

மலையிறங்கிக் கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி எனச் சென்றால் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண்களை நட்டு, மேலே கம்பிகளை வலைபோல் பின்னிப் பந்தல் அமைத்திருப்பர். ஆள் உயரத்திற்குச் சற்று மேலே கொடி படர்ந்திருக்கும். பந்தலின்கீழ் நிழலில் நடக்கும்போது, பழக்கொத்துகள் தலைக்கு மேலே தொங்கும்.

ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள். அடுத்த தோட்டத்தில் இப்போதுதான் பூ அரும்புகிறது. அதற்கடுத்ததில் இலையே இல்லை, வெறுங்கொடி. இங்கேதான் நம் வினாவுக்கு விடை உள்ளது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் விழிக்கும். கம்பத்தில் அத்தகைய குளிர் இல்லை. முற்றிய கிளைகளை உழவர் அளவாக நறுக்கிவிடுகிறார். இதற்குக் கவாத்து என்று பெயர். வெட்டியபின் புதிய தளிர் வெடித்து, அதில் பூவும் காயும் தோன்றி, ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் கனிகிறது. அங்கே காலநிலை எழுப்பும் கொடியை இங்கே கத்தி எழுப்புகிறது.

எந்த நாளில் கவாத்துச் செய்வது என்பதே உழவரின் பெரிய முடிவு. நாள் தவறிப் பழம் கனியும் வேளையில் பெருமழை பெய்தால், பழங்கள் வெடித்து அழுகும். ஈரத்தால் அடிச்சாம்பல் நோயும் பரவும். நான்கு மாத உழைப்பு சில நாள்களில் வீணாகிவிடும். நோயைத் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைத் தெளிப்பர். பிரான்சு நாட்டுத் திராட்சை நகரின் பெயரே அக்கலவைக்கு அமைந்தது. பழத்தின்மேல் இயல்பாகப் படியும் வெண்மை மெழுகு தீங்கற்றது. எனினும் மருந்து தெளிக்கப்படுவதால் பழத்தை நன்கு கழுவியே உண்ண வேண்டும்.

பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ஆம் ஆண்டில் இவ்வகைத் திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். வெளியிலிருந்து வந்த கொடி இம்மண்ணில் வேரூன்றி இவ்வூரின் பெயரையே பெற்றது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மேற்கு மலையின் நீர் கிழக்கே சென்று கனியாகிறது. அக்கனி குமுளி மலைப்பாதை வழியாக மீண்டும் கேரளத்துச் சந்தைகளுக்கு வருகிறது. அடுத்தமுறை கடைத்தெருவில் அதனைக் காணும்போது, அதற்குப் பின்னால் உள்ள ஒரு கத்தியையும் ஓர் உழவரின் கணக்கையும் நினைத்துப் பாருங்கள்.

சிந்தித்து எழுதுக

1. கம்பத்தில் அடுத்தடுத்த தோட்டங்கள் வெவ்வேறு நிலைகளில் இருப்பது ஏன்?
2. உங்கள் வீட்டிற்கு வரும் ஒரு காயோ கனியோ எந்த ஊரிலிருந்து வருகிறது எனப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.