கண்ணுக்கு ஒரு ஸ்ரீ, கணனிக்கு இரண்டு

ஸ்ரீதேவி, ஸ்ரீமதி என்று நம் வீட்டுப் பெண்கள் பலருக்குப் பெயருண்டு. கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் இந்த ‘ஸ்ரீ’யைக் கணனி நான்கு எண்களின் வரிசையாகவே சேமித்து வைக்கிறது. யுனிகோட் முறையில் ‘ஸ’வுக்கு 3000, புள்ளிக்கு 3021, ‘ர’வுக்கு 2992, ஈகாரக் குறிக்கு 3008. நான்கும் அடுத்தடுத்து வந்தால், எழுத்துரு அவற்றை இணைத்து ‘ஸ்ரீ’ என்று காட்டும்.

2005இல் யுனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து 2998 என்ற எண்ணுடன் சேர்ந்தது. வடமொழியில் ‘ஸ்ரீ’யின் முதல் ஒலி இதுவே. ஆகையால் 2998இல் தொடங்கும் வரிசையே பொருத்தமானது என்றாயிற்று. ஆனால் பழைய வரிசையும் வழக்கிலிருந்து மறையவில்லை. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும்.

சிக்கல் தேடும்போதுதான். மகளின் பெயர் பாடசாலைப் பதிவில் ஒரு வரிசையிலும், நாம் தட்டுவது மற்ற வரிசையிலும் இருந்தால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று கணனி சொல்லிவிடக்கூடும். இரண்டையும் சமமாகக் கொள்ளும்படி யுனிகோட் பரிந்துரைக்கிறது. அதைச் செய்யாத மென்பொருள்களும் உண்டு.

பெயர் கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம், சகோதரிகளே. ‘ஸ்ரீ’யை விட்டுவிட்டு ‘தேவி’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். புதிய படிவங்களில், முன்பு பதிந்த பெயரையே பிரதி எடுத்து ஒட்டுங்கள்.